முத்தாசியோன் முத்திரையும் ரூ காய்ப் பெடியங்களும்

பரிசுக்குப் புதுசா வாறவையிட்ட, "ரூ காய் எண்டா காய்கறித் தெரு" எண்டு சொன்னால் மறுபேச்சில்லாமல் நம்பிவிடுவினம். முருங்கைக்காய், கத்தரிக்காய், வாழைக்காய் எண்டு கடை வாசலிலேயே பெட்டி பெட்டியாய் அடுக்கிக் கிடக்கே, பிறகென்ன சந்தேகம்? உண்மையில அது 19ஆம் நூற்றாண்டில ரயில் எஞ்சின் செய்து வித்த ழான்-பிரான்சுவா காய் எண்ட பிரெஞ்சு முதலாளியின்ர பேர். கார் து நோர் ரயில் நிலையத்தில இருந்து பொடிநடையா வந்திடலாம் எண்டபடியால் பேர் பொருத்தம்தான்.

இந்தத் தெருவில மூண்டு விசயம் கதைக்காமல் ஒருத்தரும் தேத்தண்ணி குடிச்சு முடிக்கமாட்டினம். விசா, வீடு, விளையாட்டு. முதல் ரெண்டைப் பற்றியும் நம்மட சக பதிவர்கள் எழுதித் தள்ளியாச்சு. மூண்டாவதைப் பற்றி, அதிலயும் உதைபந்தாட்டத்தில ஒரு பெடியன் ஒரு கழகத்தை விட்டு இன்னொரு கழகத்துக்கு மாறேக்க நடக்கிற கூத்தைப் பற்றி, நான் வாசிச்ச அளவில ஒருத்தரும் எழுதேல்ல. அதால நான் எழுதுறன். கொஞ்சம் நீளம். நீங்களும் தேத்தண்ணியோட வாங்கோ :-)

எனக்கு உது எப்பிடித் தெரியும் எண்டு கேப்பியள். இஞ்ச படிக்க வந்த பெடியனுக்குச் சம்பளமில்லாத ஒரு உத்தியோகம் தானா வந்து சேரும். பிரெஞ்சுக் கடிதம் வாசிச்சுச் சொல்லுறது. கரண்ட் பில், பிள்ளையின்ர பள்ளிக்கூடக் கடிதம், வீட்டு விண்ணப்பம் எண்டு எல்லாம் வரும். அப்பிடி ஒருநாள் ஒரு அண்ணை தன்ர கைபேசியை நீட்டி, "தம்பி, இதை ஒருக்காப் பாரும். நாங்கள் வெண்ட மட்ச்சைத் தோத்ததெண்டு போட்டிருக்கிறாங்கள்" எண்டார்.

அண்ணை வார நாளில கடை. சனி ஞாயிறில, பரிசுக்கு வெளியில ஒரு புறநகர்க் கழகத்தின்ர பதினாறு வயசுக்குட்பட்ட அணிக்குப் பொறுப்பு. தமிழ்க் கழகம் இல்லை. மாலிக்காரர், அல்ஜீரியர், போர்த்துக்கேயர், எங்கட பெடியங்கள் எண்டு எல்லாரும் கலந்த ஒரு சாதாரணப் பிரெஞ்சுக் கழகம். பட்டியலில கடைசிக்கு முதல் இடம். அந்த வருசம் அவை வெண்ட ஒரேயொரு ஆட்டம் அதுதான், 3-1. கடிதத்தில இருந்தது இது: தண்டனையாகத் தோல்வி, ஒரு புள்ளி கழிப்பு, எதிரணிக்கு வெற்றி. காரணம், அனுமதிக்கப்பட்ட தொகைக்கு மேல "முத்தாசியோன்" ஆட்டக்காரரை இறக்கினது.

இந்த முத்தாசியோன் என்ன எண்டு விளங்கப்படுத்தாட்டில் மிச்சம் விளங்காது.

பிரான்சில கழகத்தில விளையாட ஒவ்வொரு பருவத்துக்கும் லிசான்ஸ் எடுக்கவேணும், அதாவது ஆட்டக்காரர் பதிவு. போன பருவம் வேற கழகத்தில இருந்தவர் எண்டால் லிசான்சில "முத்தாசியோன்", அதாவது மாற்றலாகி வந்தவர், எண்டு ஒரு முத்திரை விழும். பதிவான நாளில இருந்து ஒரு வருசத்துக்கு அது நிக்கும். மாறுறதுக்கான ஒழுங்கான காலம் ஜூன் 1 இல இருந்து ஜூலை 15 மட்டும். அதுக்குப் பிறகும் மாறலாம், ஆனால் பழைய கழகம் சம்மதிக்கவேணும், முத்திரையிலயும் "காலத்துக்கு வெளியில" எண்டு விழும். வளந்தவையின்ர ஆட்டமெண்டால் ஒரு ஆட்டத்துக்கு இப்பிடி முத்திரை விழுந்த ஆறு பேரைத்தான் பேர்ப் பட்டியலில போடலாம். அதிலயும் காலத்துக்கு வெளியில வந்தவை ரெண்டு பேருக்கு மேல கூடாது. பன்னிரண்டில இருந்து பதினெட்டு வயசு வரைக்குமான மாவட்ட, பிராந்திய அணிகளுக்கு இன்னும் இறுக்கம், நாலு பேர், அதில காலத்துக்கு வெளியில ஒருத்தர். பதினொண்டு வயசுக்குக் கீழ உள்ள சின்னதுகளுக்கு முத்திரையே இல்லை. நல்ல காலம்.

அண்ணையின்ர பட்டியலில முத்திரையோட ஆறு பேர்.

எதிரணிப் பொறுப்பாளர் ஒரு வயசான பிரெஞ்சுக்காரர். ஆட்டம் தொடங்க முன்னமே மத்தியஸ்தரின்ர பலகைக் கணினியில ஒரு ஆட்சேபத்தைப் பதிஞ்சு வைச்சிட்டார். பேர்களையும் காரணத்தையும் விளக்கமா எழுதி, 48 மணித்தியாலத்துக்குள்ள அதை உறுதிப்படுத்தியும் போட்டார். இதில ஒரு நுணுக்கம் இருக்கு பாருங்கோ. ஆட்டத்துக்கு முதல் ஆட்சேபம் எழுதினால், எதிரணி தோத்ததோட வெற்றிப் புள்ளிகளும் எழுதினவைக்கு வரும். ஆட்டம் முடிஞ்ச பிறகு முறையிட்டால், தப்புச் செய்தவை தோப்பினம், ஆனால் முறையிட்டவைக்கு வெற்றிப் புள்ளி வராது. அந்தக் கிழவருக்கு இந்த வித்தியாசம் தெரிஞ்சிருக்கு. மைதானத்தில 3-1 எண்டு தோக்கிறதுக்கு முன்னமே மனுசன் கடதாசியில வெண்டு முடிச்சிட்டார்.

அண்ணைக்கு அவரில கோவம் வரேல்ல. "அந்தாள் கெட்டிக்காரன். நாங்கள்தான் எங்கட பெடியங்களை எண்ணாமல் விட்டிட்டம்" எண்டார். எனக்கு அது பெரிய விசயமாப்பட்டது.

சரி, கடைசிக்கு முதல் இடத்தில கிடக்கிற ஒரு அணிக்கு ஆறு மாற்றல் ஆட்டக்காரர் எங்கயிருந்து வந்தவை? காசு குடுத்து இழுத்துக்கொண்டு வந்ததோ? சப்பாத்து வாங்கவே சீட்டுப் பிடிக்கிற கழகம் அது. பக்கத்து ஊரில இருந்த கழகத்துக்குப் பயிற்றுநர் கிடைக்கேல்ல, ஓகஸ்டில அந்த வயசு அணியையே மூடிப்போட்டினம். தெருவில நிண்ட பெடியங்களில அஞ்சு பேர் இவையிட்ட வந்தவை. ஆறாவது பெடியன் ஜூனிலயே ஒழுங்கா மாறி வந்தவன். அந்த அஞ்சு பேரும் ஜூலை 15க்குப் பிறகு வந்தவை எண்டபடியால் எல்லாரும் "காலத்துக்கு வெளியில". அந்தக் கணக்கில ஒருத்தனைத்தான் இறக்கலாம், அண்ணை அஞ்சு பேரையும் இறக்கியிருக்கிறார்.

வயிறு எரியிற விசயம் என்னெண்டால், இதுக்குச் சட்டத்திலயே வழி இருந்திருக்கு. பழைய கழகம் அந்த வயசுப் பிரிவில இனி இயங்காது எண்டு முறைப்படி அறிவிச்சிருந்தால், அங்கயிருந்து வாற பெடியங்களுக்கு முத்திரையில இருந்து விலக்குக் கேட்கலாம். பிரெஞ்சுச் சம்மேளனத்தின்ர பொது விதிகளில 117ஆம் விதி. மூடினவை அறிவிக்கேல்ல. இவைக்குக் கேட்கத் தெரியேல்ல. மற்றக் கழகத்தில இருந்து நல்ல பெடியனை ஆசை காட்டி இழுத்த பணக்காரக் கழகமும், அணி கலைஞ்சு நிண்ட பிள்ளையளைச் சேர்த்த ஏழைக் கழகமும், விண்ணப்பம் சரியா நிரப்பப்படாட்டில் ஒரே கணக்கிலதான் வருவினம்.

இந்த விதியே பிழை எண்டு நான் சொல்லேல்ல. அப்பிடிச் சொல்லுறவை ரூ காயில நிறையப் பேர் இருக்கினம். ஆனால் யோசிச்சுப் பாருங்கோ. இந்த எண்ணிக்கை இல்லாட்டில், செயற்கைப் புல் போட்ட மைதானம் வைச்சிருக்கிற கழகம் ஒவ்வொரு ஜூனிலயும் சுத்தியிருக்கிற சின்னக் கழகங்களின்ர நல்ல ஆட்டக்காரரை எல்லாம் வாரி எடுத்துக்கொண்டு போகும். விதி அண்ணையின்ர கழகத்தைக் காப்பாத்தத்தான் வந்தது. அதை வாசிக்க ஆளும் நேரமும் இருக்கிற கழகங்கள்தான் அதால தப்புது.

இன்னொரு கொடுமையும் இருக்கு. ஒவ்வொரு கழகமும் தன்ர மட்டத்துக்குத் தக்கபடி இத்தினை மத்தியஸ்தர்களைக் குடுக்கவேணும். குடுக்காட்டில் அபராதம். அபராதத்தோட விட்டால் பரவாயில்லை, முதல் வருசம் முத்தாசியோன் எண்ணிக்கையில ரெண்டைக் குறைப்பினம், ரெண்டாம் வருசம் நாலு, மூண்டாம் வருசம் ஒருத்தரையும் இறக்கேலாது. மத்தியஸ்தர் வேலைக்கு ஆர் வருவினம்? ஞாயிற்றுக்கிழமை குளிருக்குள்ள எழும்பிப் போய் இருபத்திரெண்டு தாய்மாரின்ர பேச்சு வாங்கிறதுக்கு? ஆக, ஆள் இல்லாத கழகத்துக்கு மத்தியஸ்தரும் இல்லை, மத்தியஸ்தர் இல்லாததால வெளியாளையும் சேர்க்கேலாது. (படிக்கிற பெடியங்களுக்கு ஒரு விசயம்: மத்தியஸ்தர் பயிற்சிக்கு ஆள் தேடிக்கொண்டே இருக்கினம், ஆட்டத்துக்குக் கொஞ்சக் காசும் வரும். நான் போகேல்ல. குளிர்.)

இந்தக் கதையை அமெரிக்காவில இருக்கிற ஒரு நண்பனுக்குச் சொன்னன். "உதெல்லாம் ஒரு கதையே" எண்டு அவன் தங்கட பக்கத்துக் கதையை எடுத்துவிட்டான். அங்க காலாலை உதைக்காத ஃபுட்பால், தெரியும்தானே. அங்க கழகம் இல்லை, உயர்நிலைப் பள்ளிக்கூடம்தான் எல்லாம். ஒரு பள்ளியில இருந்து இன்னொரு பள்ளிக்கு மாறினவன் உடனே விளையாடவேணுமெண்டால் குடும்பத்தோட வீடு மாறினது உண்மை எண்டு காட்டவேணும், இல்லாட்டில் பருவத்தின்ர ஒரு பகுதி வெளியில குந்தியிருக்கவேணும். 2025 இல தென் கலிபோர்னியாவில டொரன்ஸ் நகரத்தில இருக்கிற பிஷப் மொன்ட்கொமரி எண்ட கத்தோலிக்கப் பள்ளியில, மாற்றலாகி வந்த பெருந்தொகை ஆட்டக்காரரைத் தகுதியில்லை எண்டு மாநிலச் சம்மேளனத்தின்ர தென்பிரிவு நிறுத்திப்போட்டுது. குடுத்த தகவல்கள் சரியில்லை எண்ட குற்றச்சாட்டு. கடைசியில பயிற்றுநரை நீக்கி, மிச்ச ஆட்டங்களை எல்லாம் பள்ளி கைவிட்டுது. ஏற்கெனவே அங்க படிச்சுக்கொண்டிருந்த, ஒரு பிழையும் செய்யாத பெடியங்களுக்கும் அந்த வருசம் ஆட்டம் இல்லாமல் போச்சுது.

பிரான்சில பள்ளிக்கூட விளையாட்டு புதன் பின்னேரத்தோட சரி. ஊரில அப்பிடியில்லை. இளவாலை ஹென்றியரசர், யாழ்ப்பாணம் பத்திரிசியார் எண்டால் பள்ளிக்கூடப் பேரும் பந்தும் ஒண்டாத்தான் வாயில வரும். ஓ.எல் முடிச்சு ஏ.எல்லுக்கு மாறிப்போன ஆட்டக்காரனைப் பற்றிப் பழைய மாணவர்கள் இருபது வருசம் கழிச்சும் ரூ காயில சண்டை பிடிக்கிறதைக் கேட்டிருக்கிறன். அவன் இப்ப லாச்சப்பலில பாண் கடை வைச்சிருந்தாலும் மன்னிக்கமாட்டினம் :-)

முத்தாசியோன் எண்டால் ஒரு வருசத்தில ஆறிப்போற காயம். ஊரில இருந்து புதுசா வாற பிள்ளைக்கு வேற ஒண்டு இருக்கு. ஃபிஃபாவின்ர ஆட்டக்காரர் மாற்ற விதிகளில 19ஆம் விதி. பதினெட்டு வயசுக்குட்பட்டவரை நாடு விட்டு நாடு மாத்தேலாது எண்டு அது சொல்லுது. ஆபிரிக்காவில இருந்தும் தென்னமெரிக்காவில இருந்தும் சின்னப் பிள்ளையளை ஏஜென்ட்மார் கூட்டிவந்து, தேறாட்டில் ஐரோப்பியத் தெருவில விட்டிட்டுப் போனதாலதான் அந்த விதி வந்தது. நல்ல விதி. 2014 இல பார்சலோனாவே அதில மாட்டிச்சு, ரெண்டு மாற்றக் காலத்துக்கு ஆட்டக்காரரை வாங்கத் தடை. அங்க பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த ஜப்பான்காரப் பிள்ளை தக்கேஃபுசா குபோ அதாலதான் 2015 இல ஊருக்குத் திரும்பினவர். பார்சலோனாவை அசைச்ச அதே விதிதான் இஞ்ச புறநகர்க் கழகத்தில கடைசி அணியில கடைசி ஆளா விளையாட வாற எங்கட பெடியனுக்கும். 2015 இல இருந்து பத்து வயசுக்கு மேற்பட்ட பிள்ளையளுக்கு இந்தச் சோதனை. தொழில்முறையோ பொழுதுபோக்கோ எண்டெல்லாம் இல்லை, முதல்தரம் பதியிற வெளிநாட்டுப் பிள்ளைக்கும் உண்டு.

விதிவிலக்குகள் இருக்கு. தாய்தகப்பன் உதைபந்தாட்டத்தோட சம்பந்தமில்லாத காரணத்துக்காக நாடு மாறியிருந்தால் சரி. உயிர்ப் பயத்தில தாய்தகப்பன் இல்லாமல் ஓடிவந்த பிள்ளைக்கும் ஒரு விலக்கு உண்டு. பதியிறதுக்கு முதல் அஞ்சு வருசம் தொடர்ந்து அந்த நாட்டில இருந்தவனுக்கும் உண்டு. ஆனால் ஒவ்வொண்டுக்கும் கடதாசி. பிறப்புச் சான்று, தாய்தகப்பனின்ர அடையாளம், அவை இஞ்சதான் இருக்கினம் எண்டதுக்கு அத்தாட்சி, அவை இல்லாட்டில் பிள்ளைக்கு ஆர் பொறுப்பு எண்டு நீதிமன்றத் தீர்ப்பு.

எனக்குத் தெரிஞ்ச ஒரு பெடியன் பதினைஞ்சு வயசில மாமாவிட்ட வந்தவன். தாய்தகப்பன் ஊரில. மாமாவைச் சட்டப்படி பொறுப்பாளராக்கிற வழக்கு முடிய மட்டும் லிசான்ஸ் இல்லை. கிழமையில ரெண்டு நாள் பயிற்சிக்கு வருவான். சனிக்கிழமை ஆட்டத்துக்கு வந்து பையளுக்குக் காவல் இருப்பான். கோட்டுக்கு வெளியில கொடி பிடிக்கவாவது விடுங்கோ எண்டு கேட்டான், கொடி பிடிக்கிறதுக்கும் லிசான்ஸ் வேணும். பிரெஞ்சு பேச வராத ஒரு பிள்ளைக்கு வகுப்பில ஒரு சினேகிதனும் இல்லை. பந்து கிடைச்சால் பதினொரு பேர் கிடைப்பினம். ஏஜென்ட்மாரிட்ட இருந்து அவனைக் காப்பாத்திற சட்டம் அந்தப் பதினொரு பேரையும் அவனிட்ட இருந்து எட்ட வைச்சது. பதினாறு வயசு நடக்கேக்கதான் தீர்ப்பு வந்தது. இப்ப வலதுபக்கப் பின்காவல் நிக்கிறான், கால் நல்ல வேகம்.

இதில எங்கட பேர்ப் பிரச்சினை தனி. தகப்பன் பேரை முன்னுக்கு வைக்கிறம். பிரெஞ்சுக்காரனுக்குக் குடும்பப் பேர் ஒண்டு வேணும். பள்ளிக்கூடத்தில தகப்பன் பேர் குடும்பப் பேராகும், வதிவிடப் பத்திரத்தில பிள்ளையின்ர பேரே குடும்பப் பேராகும், போதாக்குறைக்குச் சிவசுப்பிரமணியத்தை ஒவ்வொரு கந்தோரிலயும் ஒவ்வொரு மாதிரி எழுத்துக்கூட்டுவினம். கணினிக்கு அது ரெண்டு ஆள். ஒரு பெடியனுக்கு ரெண்டு லிசான்ஸ் எண்டால் மோசடி. அப்பிடி ஒரு அண்ணன் தம்பியை ஒரே ஆள் எண்டு நினைச்சு ஆட்சேபம் எழுதினதும் நடந்திருக்கு.

எங்கட ஆக்களின்ர சொந்தச் சுற்றுப்போட்டிகளையும் சொல்லத்தான் வேணும். கோடை வந்தால் ஊர்ப்பேரில கழகங்கள், கிண்ணம், ஒலிபெருக்கி, கொத்துரொட்டி. அங்க சம்மேளனமும் இல்லை ஃபிஃபாவும் இல்லை எண்டு நினையாதேங்கோ. "வெளியூர் ஆட்டக்காரர் இத்தினை பேர்தான்" எண்டு விதி இருக்கும். ஆனால் ஒருத்தன் எந்த ஊர்? தகப்பன்ர ஊரோ, தாய்ன்ர ஊரோ, பொம்பிளை எடுத்த ஊரோ? பரிசில பிறந்து ஊர்ப் பக்கமே போகாதவனுக்கு எந்த ஊர்? "அம்மம்மா வீடு எங்கட ஒழுங்கையில" எண்டு சாட்சி சொல்ல ஒரு கிழவி வந்து நிண்டதை என்ர கண்ணால கண்டனான். காலையில ஒரு ஊருக்கும் பின்னேரம் இன்னொரு ஊருக்கும் விளையாடினவனும் இருக்கிறான். எனக்கென்னவோ, பிரெஞ்சு மாவட்டக் குழுவின்ர கடிதத்தை விட அந்தக் கிழவியின்ர தீர்ப்பில நம்பிக்கை கூட.

இந்தக் கூத்து இன்னும் பெரிய மட்டத்திலயும் நடந்திருக்கு. ஃபிஃபா சேர்க்காத நாடுகளும் இனங்களும் விளையாடிற கொனிஃபா உலகக் கிண்ணம் 2018 இல லண்டனில நடந்தது, 16 அணிகள். தமிழீழ அணியும் இருந்தது, கனடா, நோர்வே, பிரித்தானியா எண்டு எல்லா இடத்திலயும் இருந்து பொறுக்கின பெடியங்கள். எங்கட பிரிவில பராவா, மான் தீவின்ர எல்லன் வானின், வட அமெரிக்காவின்ர கஸ்கேடியா. பராவா எண்டது தென் சோமாலியாக் கரையோர ஊர், போட்டியை நடத்தினதும் லண்டனில இருக்கிற அவையின்ர சங்கம்தான். எங்கட ஆக்கள் பிரிவை விட்டு வெளியேறினவை, அதில ஒரு சர்ச்சையும் இல்லை. சர்ச்சை மற்ற ரெண்டு பேருக்கும். போட்டி தொடங்கின பிறகு முகமது பெத்தாமர் எண்ட ஆட்டக்காரரைப் பராவா பட்டியலில சேர்த்து இறக்கியிருக்கு. பராவாவிட்ட 2-0 எண்டு தோத்த எல்லன் வானின், அது விதிக்கு முரண் எண்டு முறையிட்டுது. முறைப்பாட்டை ஏற்கேல்ல. கோவத்தில எல்லன் வானின் போட்டியையே விட்டிட்டுப் போச்சுது, அவையின்ர மிச்ச ஆட்டத்துக்கு வேற அணியைக் கூப்பிட்டு விளையாட விட்டினம். கடவுச்சீட்டு இல்லாதவையின்ர கிண்ணத்திலயும் பேர்ப்பட்டியல்தான் பிரச்சினை! ரூ காயில அண்டைக்கு ஒருத்தர் சொன்னார், "ஆர் எந்த இனம் எண்டதுக்குச் சண்டை வரேல்ல, ஆர் எந்தத் திகதியில பேர் குடுத்ததெண்டதுக்குச் சண்டை."

இனி, லாச்சப்பலில கதைச்சால் குரல் உயருற விசயத்துக்கு வாறன். இலங்கைத் தேசிய அணி.

கொஞ்ச வருசமா அந்த அணி வெளிநாட்டில பிறந்து வளந்த ஆக்களைத் தேடி எடுக்குது. 2023 ஜனவரியில இருந்து ஓகஸ்ட் வரைக்கும் வெளியார் தலையீடு எண்டு ஃபிஃபா இலங்கையைத் தடை செய்து வைச்சிருந்தது. அதுக்குப் பிறகு இது இன்னும் வேகமாப் போகுது. 2024 செப்டெம்பரில ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றுக்காகக் கம்போடியாவை அதின்ர மண்ணிலேயே பெனால்டியில வெண்டினம். சுவீடனில பிறந்து அங்கயே விளையாடி வளந்த ஆதவன் ராஜமோகன் மாதிரித் தமிழ்ப் பேர்களும் இப்ப அந்த அணிப்பட்டியலில. ரூ காயில இதுக்கு ரெண்டு கட்சி. "அந்தக் கொடியைச் சட்டையில குத்திக்கொண்டு எப்பிடி நிக்கிறது?" எண்டு ஒரு கட்சி. "தம்பிக்கு ஒரு சர்வதேச ஆட்டம் கிடைக்குது, உனக்கென்ன நட்டம்?" எண்டு மற்றது. ரெண்டு பக்கமும் செத்த வீடு கண்டவை. அதால நான் அந்த வழக்குக்குத் தீர்ப்புச் சொல்ல வரேல்ல. விளையாடப் போறவன் முடிவெடுக்கட்டும்.

ஆனால் பரிசுப் பெடியங்களில கனபேருக்கு முடிவெடுக்கிற நிலையே வராது. ஏனெண்டு பாருங்கோ. ஃபிஃபாவுக்கு முதல் வேண்டியது அந்த நாட்டுக் குடியுரிமை. இலங்கையின்ர 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி, வெளிநாட்டில பிறந்த பிள்ளையின்ர பிறப்பை ஒரு வருசத்துக்குள்ள தூதரகத்தில பதியவேணும். பிந்தினால் அமைச்சின்ர அனுமதியோட பதியலாம். தொண்ணூறுகளில, ரெண்டாயிரங்களில இஞ்ச அகதியா இருந்த தகப்பன் எப்பிடி இலங்கைத் தூதரகத்துக்குப் போவார்? தன்ர நாட்டு அரசின்ர பாதுகாப்பைத் தானா விரும்பித் திரும்பத் தேடினால் அகதி நிலை போயிடும் எண்டு 1951 ஜெனீவா ஒப்பந்தத்திலயே இருக்கு. அகதிகளின்ர பிறப்பு, திருமணப் பத்திரங்களைக்கூட அதுக்காகத்தான் ஒஃப்ரா எண்ட பிரெஞ்சு அகதிகள் காரியாலயமே எழுதிக் குடுக்குது. பிறகு தகப்பன் பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்தால், இரட்டைக் குடியுரிமைக்குத் தனியா விண்ணப்பிச்சாலொழிய இலங்கைக் குடியுரிமை போயிடும். ஆக, பதினேழு வயசில அந்தப் பெடியனிட்ட "விளையாடுவியோ?" எண்டு கேள்வி வரமுதலே, அவன் பிறந்த வருசத்தில தகப்பன் பயத்தில போகாமல் விட்ட ஒரு கந்தோர் பதிலைச் சொல்லிப்போட்டுது. தகப்பன்மாரும் அதைத் தெரிஞ்சு செய்யேல்ல, அண்டைக்கு ஆர் உதைபந்தாட்டத்தை யோசிச்சது?

பாட்டன் பாட்டி பிறந்த இடத்தைக் காட்டினால் போதும்தானே எண்டு சிலர் சொல்லினம். போதாது. அது குடியுரிமை கிடைச்ச பிறகு ஃபிஃபா பார்க்கிற ரெண்டாவது படி. அந்தப் படியிலதான் 2025 இல மலேசியா வழுக்கினது. வியட்நாமை 4-0 எண்டு வெண்ட அணியில விளையாடின ஏழு பேர், ஆர்ஜென்டீனா, பிரேசில், ஸ்பெயின், நெதர்லாந்திலயெல்லாம் பிறந்தவை, தங்கட பாட்டன் பாட்டி மலேசியாவில பிறந்தவை எண்டு பத்திரம் காட்டியிருந்தவை. ஃபிஃபா அந்தந்த நாட்டு மூலப் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தால், பாட்டன் பாட்டியும் அங்கயேதான் பிறந்திருக்கினம். செப்டெம்பரில ஏழு பேருக்கும் 12 மாதத் தடை, மலேசியச் சங்கத்துக்கு 350,000 சுவிஸ் பிராங் அபராதம் எண்டு ஃபிஃபா அறிவிச்சது.

புதுச்சேரிக்காரரின்ர கதை வேற. ஒரு பக்கம் லேசு, ஒரு பக்கம் இறுக்கம். அவையில பலர் தலைமுறை தலைமுறையா பிரெஞ்சுக் குடிமக்கள், இஞ்ச லிசான்சுக்கு ஒரு தலையிடியும் இல்லை. ஆனால் இந்தியாவுக்கு ஆடவேணுமெண்டால் இந்தியக் கடவுச்சீட்டு மட்டும்தான், இரட்டைக் குடியுரிமை கிடையாது. பெங்களூர் அணிக்கு விளையாடின அவுஸ்திரேலியர் ரையன் வில்லியம்ஸ் 2025 இல அவுஸ்திரேலியக் குடியுரிமையைக் கைவிட்டிட்டுத்தான் இந்தியரானவர். பிரெஞ்சுக் கார்டை ஆர் திருப்பிக் குடுப்பினம் எண்டு ரூ காயில கேட்டுப் பாருங்கோ, சிரிப்பினம்.

லண்டன், ரொறன்ரோ, ஒஸ்லோ, சூரிச்சில இருக்கிற பதிவர்மாரே, உங்கட பக்கத்து ஊர்ச் சுற்றுப்போட்டிகளில "வெளியூரான்" எண்டு ஆரை, எப்பிடிக் கணக்கெடுக்கிறியள்? கிழவி சாட்சியோ, பிறப்புச் சான்றோ? பின்னூட்டத்தில எழுதுங்கோ. அனானியா வந்து கழகப் பேர் சொல்லித் திட்டிறவையின்ர பின்னூட்டம் வெளிவராது, இப்பவே சொல்லிப்போட்டன்.

பி.கு: பிரான்சில இருக்கிற தாய்தகப்பன்மாருக்கு. கழகம் மாத்திறதெண்டால் ஜூன் 1 - ஜூலை 15. ஊருக்குப் போய் நல்லூர்த் திருவிழா முடிச்சு வந்து செய்வம் எண்டு விட்டிடாதேங்கோ. பழைய கழகத்துக்குச் சந்தாக் காசு பாக்கி இருந்தால் அதையும் கட்டிப்போட்டுப் போங்கோ, அதைச் சாட்டி மாற்றத்தை மறிக்க அவைக்கு உரிமை இருக்கு. பேரை எல்லாப் பத்திரத்திலயும் ஒரே எழுத்தில எழுதுவியுங்கோ.